பச்சையம்மாளின் பிறந்த தேதி

என்னுடைய பழைய பாடக்குறிப்புகளைக் கேட்டு எழுதியிருந்தீர்கள். அவற்றில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மீதியை நானே கிழித்துப் போட்டேன். பிரான்சு நாட்டு அரசுப் பள்ளிகளில் சேருவதற்கான நுழைவுத் தேர்வு இன்று அடியோடு மாறிவிட்டது. நீங்களும் கணினியில் முகம் காட்டிப் பாடம் நடத்துகிறீர்கள். என் குறிப்புகள் கிடைத்தாலும் வடை மடிக்கத்தான் ஆகும். அதனால் குறிப்புகளுக்குப் பதிலாக ஒரு பிழையைத் தருகிறேன். நான் செய்த பிழை. காரைக்காலில் பிறந்து வளர்ந்த ஒருத்தியால்தான் அந்தப் பிழையைச் செய்ய முடியும். வெளியூர்க்காரி என்றால் தப்பித்திருப்பாள்.

எழுபதுகளில் எங்கள் பக்கம் சொல்தா குடும்பங்கள் அதிகம். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர்களை நாங்கள் சொல்தா என்போம். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ராணுவத்தை விட்ட பிறகு அங்கேயே ஏதாவது ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டு, வீடு அமைந்ததும் மனைவி மக்களை வரவழைப்பார்கள். பிள்ளைகளோ இங்கே தமிழ் வழியில் படித்துக்கொண்டிருப்பார்கள். கடவுச்சீட்டின்படி பிரெஞ்சுக்காரர்கள், வாயைத் திறந்தால் நெடுங்காட்டுக்காரர்கள், பூவத்துக்காரர்கள். அங்கே எந்த வகுப்பில் உட்காருவது என்பதைப் பாண்டிச்சேரியில் நடக்கும் ஒரு தேர்வு முடிவு செய்யும். அந்தத் தேர்வுக்குத்தான் நான் பிள்ளைகளைத் தயார் செய்தேன். அரசுப் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை வேலை. காலையிலும் விடுமுறை நாட்களிலும் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் ஒரு வாடகைக் கூடத்தில் இந்த வகுப்பு.

நான் மனப்பாடத்தில் நம்பிக்கை உள்ளவள். அதை மறைக்கப் போவதில்லை. ‘என் ஞாயிற்றுக்கிழமை’ என்று ஒரு கட்டுரையை நானே எழுதி எல்லோருக்கும் ஒப்பிக்கக் கொடுத்திருந்தேன். அதில் பனி பெய்யும், ஒரு வெள்ளை நாய் வரும். ஒரு வருடம் ஒன்பது பிள்ளைகளும் அதை வரி பிசகாமல் எழுதிவிட்டு வந்தார்கள். ‘காரைக்காலில் பனி பெய்வதை அறிந்து மகிழ்ந்தோம், நாய் நலமா?’ என்று தேர்வு அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு குறிப்பு வந்தது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அடுத்த வருடம் பனியை எடுத்துவிட்டு மழையைப் போட்டேன். நாயை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இப்படி நான் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த காலத்தில்தான் பச்சையம்மாள் வந்தாள். பூவத்தில் விவசாயக் குடும்பம். அப்பா பிரான்சில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை. அம்மா, பச்சை, அவளுடைய தம்பி மூவரும் ஆகஸ்டு மாதம் அங்கே போய்ச் சேருவதாக ஏற்பாடு. அம்மாதான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். “குப்பு, டீச்சருக்கு வணக்கம் சொல்லு” என்றார். வீட்டில் குப்பு, பள்ளியில் பச்சையம்மாள். மெலிந்த உடம்பு, பெரிய கண்கள். எதைக் கேட்டாலும் ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். பள்ளிச் சான்றிதழைப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்பினேன். அதன்படி அவளுக்குப் பதின்மூன்றரை வயது. அந்த வயதுக்கு உரிய தேர்வில் அவள் கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடுவாள் என்று முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் மாத நடுவில் பாண்டிச்சேரித் தேர்வு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பயணத்துக்காக அப்பா பிரான்சில் கொடுத்திருந்த தாள்களில் பச்சையம்மாளின் பிறந்த தேதி வேறாக இருக்கிறதாம். அது எத்தா சிவில் பதிவு. பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் எழுதிவைக்கும் பிரெஞ்சுக் காலத்துப் பதிவேட்டை நாங்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். அதன்படி அவளுக்கு அந்த மாதம்தான் பதினாறு முடிந்திருந்தது. எந்தத் தேதி சரி என்று பத்து நாட்களுக்குள் எழுத வேண்டும்.

இந்த இடத்தில் வயதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த நாட்டில் பதினாறு வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும். தேர்வில் தவறினாலும் ஒரு வகுப்பு கீழே உட்கார வைப்பார்கள். பதினாறு முடிந்துவிட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. மேல்நிலை வகுப்புக்கான தேர்வில் தேறினால் இடம் உண்டு, தவறினால் வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது நம் ஊர் வழக்கம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் வயதை ஒன்றிரண்டு குறைத்துப் போடுவார். பிற்காலத்தில் அரசு வேலைக்கு வயது வரம்பு இடிக்கக் கூடாதே என்ற நல்ல எண்ணம். தேதி தெரியாவிட்டால் ஜூன் ஒன்று. என் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பிறந்தது ஒரு தை மாதம். சான்றிதழின்படி அதற்கு இரண்டு வருடம் கழித்து ஜூன் ஒன்று. அந்தப் பொய்யின் புண்ணியத்தில் இரண்டு வருடம் கூடுதலாக வேலை பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். அரசாங்கத்துக்கு இன்றுவரை தெரியாது; நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

ஆகவே அந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வழக்கமான கதை என்று நினைத்தேன். அன்று பிற்பகலே பேனாவை எடுத்தேன். ‘இவ்வூர்ப் பள்ளிகளில் வயதைக் குறைத்துப் பதிவது பரவலான வழக்கம். பள்ளிச் சான்றிதழை நம்ப வேண்டாம். எத்தா சிவில் பதிவே உண்மையானது’ என்று அழகான பிரெஞ்சில் எழுதினேன். இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்து, என் நடையை நானே மெச்சிக்கொண்டு, தபால் பெட்டியில் போட்டேன். பூவம் பேருந்தில் அரை மணிப் பயணம். போய் அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

பதில் உடனே வந்துவிட்டது. விளக்கத்துக்கு நன்றி, வயதுக்கு ஏற்ப மேல்நிலை வகுப்புத் தேர்வுக்கு இந்த மாணவி மாற்றப்படுகிறாள், தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கிறது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மேல்நிலை வகுப்பு என்றால் அவள் படித்துக்கொண்டிருந்ததைவிட இரண்டு வகுப்பு மேலே. பச்சையைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். அவள் ஒரு மூச்சு இழுத்தாள். “சரிங்க டீச்சர்” என்றாள்.

மறுநாள் காலை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அவள் அம்மா கூடத்து வாசலில் நின்றார். வயலில் உளுந்து பிடுங்குகிற நேரம் அது, விரலெல்லாம் கறை. பச்சையைக் கூட்டி வரவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“டீச்சரம்மா, நீங்க எழுதுன கடிதாசியத் திருப்பி வாங்க முடியுங்களா?”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“அந்தத் தேதி இவளோடது இல்லீங்க.”

“பின்ன யாரோடது?”

“இவளுக்கு மூத்ததுங்க. மாசி மகத்துக்கு மறுநாள் பொறந்தா. அவங்க அப்பா அப்ப லீவுல வந்திருந்தாரு, அவரே போயி எத்தா சிவில்ல எழுதிட்டு வந்தாரு. மூணே மாசங்க. காய்ச்சல் வந்துச்சு, போயிட்டா. போனத யாரும் போயி எழுதலீங்க. எனக்கு எங்க தெரியும், அதெல்லாம் எழுதணும்னு?”

“பேரு?”

“அதே பேருதாங்க. எங்க குலதெய்வம் பச்சையம்மன். மொதப் பொண்ணுக்கு அந்தப் பேருதான் வைக்கணும். அவ போயிட்டா, இவ வந்தா. இவளுக்கு வச்சோம். இவ பொறந்தப்ப அவரு அல்ஜீரியாவோ எங்கயோ இருந்தாரு. இவளப் போயி எழுத ஆளு இல்லீங்க. பேரு ஒண்ணுதானே, அதுவே இருக்கட்டும்னு இருந்துட்டோம். பள்ளிக்கூடத்துல போட்டிருக்கிறதுதாங்க இவளோட நெசத் தேதி.”

எனக்கு ஆத்திரம் வந்தது, என் மேல்தான். குப்பு! முதல் நாளே என் காதில் விழுந்த பெயர். முன்னால் பிறந்தது தங்காமல் போய்விட்டால், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி, தவிட்டுக்கு வாங்கினதாகப் பேர் பண்ணி, குப்பு என்று கூப்பிடுவார்கள். எமன் இது வேண்டாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டு போகட்டும் என்பதற்காக. எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. எங்கள் தெருவிலேயே இரண்டு குப்பு உண்டு. இன்னொன்றையும் நான் பார்க்கவில்லை. சான்றிதழில் இருந்த தேதி ஜூன் ஒன்று இல்லை, அக்டோபர் மாதத்தில் ஒரு தேதி. தலைமையாசிரியர் கற்பனை செய்கிறவர் என்றால் அக்டோபருக்கு எங்கே போவார்? பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில், எதிரில் இருந்த உண்மையை நான் பொய் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன்.

கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளப் பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தாவிடம் போனேன். தருமபுரத்திலேயே குடியிருந்தார். பெயர் எதுவும் சொல்லாமல் விவரத்தை மட்டும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“மூத்த பொண்ணு பதிவுல இருக்கு, உசுரோட இல்ல. சின்னவ உசுரோட இருக்கா, பதிவுல இல்ல. அப்படித்தானே?”

“ஆமாங்க ஐயா.”

“கோர்ட்டு மூலமா புதுசாப் பதியலாம்மா. சாட்சி வேணும், மருத்துவச்சி வேணும், அப்புறம் தபால் பாண்டிச்சேரி போயி, பிரான்சு போயி வரணும். ரெண்டு வருஷத்துல முடிஞ்சா அதிர்ஷ்டம்.”

“அது வரைக்கும்?”

“அது வரைக்கும் அந்தச் சின்னப் பொண்ணு பொறக்கவே இல்லன்னு வச்சுக்குங்க.”

வழி தெளிவாகத்தான் இருந்தது. சட்டத்தின் வழி ஒன்று. அதில் போனால் அம்மாவும் தம்பியும் ஆகஸ்டில் கப்பலோ விமானமோ ஏறுவார்கள். பச்சை பூவத்தில் பெரியப்பா வீட்டில் இரண்டு மூன்று வருடம் காத்திருப்பாள். வழக்கு முடியும்போது அவளுக்கே பதினாறு ஆகிவிடும். இன்னொரு வழி, என் கடிதம் சொன்ன பொய்யின் மேலேயே நடப்பது. அதில் போனால் அவள் இரண்டு வகுப்பு மேலே உள்ள தேர்வைத் தேறியாக வேண்டும். தவறினால் என்ன என்று அப்பா ஏற்கெனவே எழுதியிருந்தார். தாள்படி பதினாறு ஆகிவிட்டது, தேறாவிட்டால் நான் இருக்கும் தொழிற்சாலையிலேயே துப்புரவு வேலைக்குச் சேர்த்துவிடுகிறேன், பெண்கள் நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்று. அவர் கெட்ட மனிதர் இல்லை. அவரும் அப்படித்தான் சிறுவயதில் வேலைக்குப் போனவர். ஆனால் பதின்மூன்றரை வயதுப் பெண் கையில் துடைப்பம். நான் எழுதிய கடிதத்தால்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவை மறுபடி வரச் சொல்லி இரண்டு வழியையும் சொன்னேன். அவர் “இவள விட்டுட்டு நான் போக மாட்டேங்க. நான் போகலைன்னா அவரு அங்க ஒத்தையா கெடக்கணும். நீங்க எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும்” என்றார்.

அவள் பிரெஞ்சுக் குடிமகனின் மகள்தான், அதில் பொய் இல்லை; உரிமை அவளுடையதுதான், தாள் மட்டும் அக்காளுடையது. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை. அது சரிதானா என்று இன்று நீங்கள் கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். உங்களுக்கு முன்மாதிரியாக இதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். பச்சைக்கு இது தெரிய வேண்டும். வாழ்நாள் முழுவதும் இன்னொருத்தியின் தேதியைச் சுமக்கப் போகிறவள் அவள்தானே. அம்மா முதலில் ஒப்பவில்லை. “குப்புன்னு ஏன் கூப்பிடுறோம்னுகூட அவளுக்குத் தெரியாதுங்க” என்றார். பிறகு என் கூடத்திலேயே, கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றபடி அவரே மகளிடம் சொன்னார்.

பச்சை அழவில்லை. “அக்கா எப்படி இருந்தா?” என்று கேட்டாள்.

“செவப்பா இருந்தா. தலை நெறைய முடி.”

“போட்டோ இருக்கா?”

“இல்லடி.”

அவ்வளவுதான். நோட்டைத் திறந்து அன்றைய கணக்கைப் போட ஆரம்பித்தாள்.

அந்த ஏழு வாரத்தில் என்ன பாடம் நடத்தினேன் என்று சொல்லி உங்களை அறுக்க மாட்டேன். எதை விட்டேன் என்று மட்டும் சொல்கிறேன். வரலாற்றை விட்டேன், புவியியலை விட்டேன், வடிவியலில் பாதியை விட்டேன். எல்லாவற்றையும் தொட்டுக் காட்டியிருந்தால் எனக்கு மனத்திருப்தி கிடைத்திருக்கும், அவளுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. மாதிரித் தேர்வுகளில் தோற்றுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் விடைத்தாளை என் மேசையில் வைத்துவிட்டு, “இது அக்காவோட பரீட்சை டீச்சர், என்னோடது இல்ல” என்றாள்.

“அவ வர மாட்டா. நீதான் எழுதணும்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மறுநாள் வருவாளோ மாட்டாளோ என்று பயந்துபோனேன். வந்தாள், முதல் பேருந்தில்.

வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது என்று கண்டிப்பாக இருந்தேன். பெயர், வயது, ஊர், குடும்பம். வயது பதினாறு. உடன்பிறந்தவர் ஒருவர், தம்பி. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. கோப்பில் ஒரே ஒரு மகள்தான் இருக்கிறாள், அக்கா என்ற பேச்சே எழக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். நூறு தடவையாவது ஒப்பிக்க வைத்திருப்பேன்.

பாண்டிச்சேரிக்கு நான்தான் பிள்ளைகளை அழைத்துப் போனேன். பேருந்து பூவத்தில் நின்றபோது பச்சையும் அம்மாவும் ஏறினார்கள். எழுத்துத் தேர்வு முதல் நாள் முடிந்தது. கணக்கு சுமாராகப் போட்டிருந்தாள், கட்டுரையில் திணறியிருந்தாள். மறுநாள் வாய்மொழித் தேர்வு. கண்ணாடி போட்ட ஒரு பிரெஞ்சு அம்மையார். வெயில் தாங்காமல் சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

பெயர் சொன்னாள். ஊர் சொன்னாள். கோப்பில் இருந்ததாலோ என்னவோ அம்மையார் வயதைக் கேட்கவில்லை. நான் மூச்சு விட்டேன். உடன்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார்.

பச்சை அவளுடைய வழக்கப்படி ஒரு மூச்சு இழுத்தாள்.

“ஒரு தம்பி இருக்கிறான். ஓர் அக்கா இருந்தாள்.”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. என் முகத்தைப் பார்த்து என்னவோ ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இருந்தாளா?” என்றார் அம்மையார்.

“நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டாள். மூன்று மாதக் குழந்தை.”

“அவள் பெயர் என்ன?”

“பச்சையம்மாள்.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “உன் பெயரும் அதுதானே?”

முடிந்தது என்று நினைத்தேன். எழுந்து உள்ளே ஓடிப்போய் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. என்ன சொல்வது?

பச்சை பேச ஆரம்பித்தாள். அது எங்கள் குலதெய்வத்தின் பெயர், முதல் பெண்ணுக்கு வைப்பது, அவள் போய்விட்டதால் எனக்கு வந்தது என்றாள். என்னை யாரும் பிடுங்கிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகக் குப்பையில் கிடத்தி எடுத்தார்கள், வீட்டில் எனக்குக் குப்பை என்று பெயர் என்றாள். அம்மையார் சிரித்துவிட்டார். பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். குப்பையில் எவ்வளவு நேரம் கிடந்தாய், யார் எடுத்தார்கள், உனக்குக் கோபம் இல்லையா என்று. கோபம் இல்லை, அக்காவுக்கு அப்படிச் செய்ய யாருக்கும் தோன்றவில்லையே என்றுதான் வருத்தம் என்றாள். சொல் கிடைக்காத இடத்தில் நின்று, வேறு சொல்லைத் தேடி, சுற்றி வளைத்து, சொல்லி முடித்தாள். ஏழு வாரத்தில் என்னிடம் அவள் பேசிய பிரெஞ்சு அத்தனையும் என்னுடையது. அன்று பேசியது அவளுடையது. பத்து நிமிடத் தேர்வு அரை மணி நேரம் ஓடியது.

வெளியே வந்தவளை நான் திட்டவில்லை.

“ஏன்டி இப்படிப் பண்ணுன?” என்று மட்டும் கேட்டேன்.

“அவ இல்லவே இல்லன்னு சொல்ல மனசு வரல டீச்சர்.”

முடிவு வரும் வரை மூன்று வாரம் நான் தபால்காரரைக் கண்டாலே உள்ளே ஓடினேன். அந்த அம்மையார் கோப்பில் என்ன எழுதியிருப்பார் என்பதே நினைப்பு. ஒரு மகள் என்றிருக்கும் தாளையும், இரண்டு மகள்கள் என்ற வாக்குமூலத்தையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாரா, பார்த்தும் மூடிவிட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. வந்த தாளில் மதிப்பெண்கள் மட்டுமே இருந்தன. கணக்கு சராசரி. கட்டுரை அதற்கும் கீழே. வாய்மொழியில் இருபதுக்குப் பதினெட்டு. மொத்தத்தில் ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் தேறியிருந்தாள். நான் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு நான் இருபது வருடம் இந்த வேலையைச் செய்தேன். ‘என் ஞாயிற்றுக்கிழமை’யை, நாய் உட்பட, கிழித்துப் போட்டது அந்த வருடம்தான். இன்னொன்றும் மாறியது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கோடு போடுவதற்கு முன்னால் தாயை உட்கார வைத்துப் பேசுவேன். எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்க மாட்டேன், எத்தனை பிள்ளைகள் பெற்றீர்கள் என்று கேட்பேன். சிலர் உடனே சொல்வார்கள். சிலர் விரல் விட்டு எண்ணுவார்கள். சிலருக்குக் கண் கலங்கும், அவர்களிடம் அப்படி யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். நீங்கள் கணினியில் பாடம் நடத்தினாலும் பரவாயில்லை, தாயைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டு இதைக் கேளுங்கள்.

பச்சை அங்கே படித்தாள். முதல் வருடம் தோற்றாள், அடுத்த வருடம் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு ஊர் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவ்வப்போது கடிதம் வரும். அண்மையில் வந்த கடிதத்தை மேசை மேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தாள்படி வயதாகிவிட்டதால் ஓய்வு பெற்றுவிட்டாளாம். இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறீர்களா என்று கேட்டார்களாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். பொய்த் தேதியால் நான் இரண்டு வருடம் பிந்தி ஓய்வு பெற்றேன், அவள் இரண்டரை வருடம் முந்தி. கடைசிப் பத்தியை அப்படியே தருகிறேன்.

‘டீச்சர், நூலகத்தில் ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாசம் எனக்குப் பிறந்த நாள் கொண்டாடுவாங்க. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். நான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. ஊரில் அவளுக்கு ஒரு பிறந்த நாள்கூட வரவில்லை, மூணு மாசத்தில் போயிட்டா. இங்கே நாற்பது தடவைக்கு மேல கேக் வெட்டியாச்சு. எல்லாரும் பேர் சொல்லித்தான் பாடுவாங்க. அது அவ பேருதானே.’